இரண்டாவது சேதி

திருக்கோகர்ணத்துக் கடலைக் கிட்டங்கியில் அழகியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏ யாரு சொன்னா, அந்த முறத்தை இங்கிட்டுத் தள்ளு" என்பார்கள். அவளும் தள்ளுவாள்.

நனைத்துக் குவித்த கடலையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து தோலுடைக்கிற இடம் அது. கையோடு வாயும் ஓடும். ஒரு நாள் பல்லவன் குளத்தில் முதலை வந்துவிட்டதாக ஒருத்தி சொன்னாள்.

"யாரு சொன்னா?" என்றாள் அழகி.

"பால்காரம்மா."

"அது பார்த்துச்சா?"

"அது கொழுந்தன் பார்த்தானாம்."

"எங்கிட்டு நின்னு பார்த்தான்? தெக்குப் படித்துறையா, வடக்குப் படித்துறையா?"

"எந்தப் படித்துறையா இருந்தா என்னடி? முதலை கடிச்சா எல்லாப் பக்கமும்தான் வலிக்கும்" என்றாள் பக்கத்தில் இருந்த ஞானமணி. கிட்டங்கியே சிரித்தது.

வேலை முடிந்ததும் அழகி குளத்துக்குப் போய்ப் படித்துறை படித்துறையாக நின்று பார்த்தாள். பாசி படர்ந்த பனங்கட்டை ஒன்று பாதி முங்கிக் கிடந்தது. மறுநாள் அதைச் சொன்னபோது ஞானமணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நேத்து முச்சூடும் தெருவெல்லாம் முதலைக் கதை சொல்லியிருக்கேன். இப்பப் போயி பனங்கட்டைன்னு சொல்லணுமா?"

"சொல்லு."

"மாட்டேன்டி. நீ வேணும்னா சொல்லிக்க."

அழகி எதையும் நம்பாதவள் அல்ல. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பாள். பல்லி சொன்னால் காது கொடுப்பாள். ஆனால் ஒரு பேச்சு தன் காதுக்கு வந்தால், அது எந்தெந்த வாய் வழியாக வந்தது, எந்த வாயில் எவ்வளவு ஊறியது என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. சின்ன வயதில் வாய்க்கால் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று பார்க்க ஏரி மதகு வரைக்கும் நடந்துபோய் அடி வாங்கியவள். அதே குணம்தான்.

அவள் புருஷன் பெரியகருப்பன் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் சரக்குக் கட்டும் வேலையில் இருந்தான். கல்யாணமாகி எட்டு வருஷம். அதில் அவன் ஊரில் இருந்த மாதங்களை எண்ணினால் கை விரல்களுக்கு மேல் கொஞ்சம் வரும். குழந்தை இல்லை. மாமியார் முத்தாளும் அழகியும் தெற்கு வீதிக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் இருந்தார்கள். 1954இல் அவன் விடுப்பில் வந்து, சொந்தபந்தங்களைப் பார்த்து, நாகப்பட்டினத்தில் கப்பலேறத் திரும்பக் கிளம்பினான். கிளம்பிய காலையில் குளத்தில் குளித்துவிட்டு வந்தான். கூடப் போயிருந்த முத்தாள் முகம் வெளுத்து வந்தாள். மகன் போகிற வருத்தம் என்று அழகி நினைத்துக்கொண்டாள்.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்திருந்த காலம் அது. கல்யாணப் பத்திரிகையும் சினிமா நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்தவர்கள் சிலர் ஆளுக்கொரு வாரப் பத்திரிகை போடத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு தாள், நான்கு பக்கம். டீக்கடையில் ஒருவர் படிக்க ஒன்பது பேர் கேட்பார்கள். அப்படி ஒன்றுதான் ஏகாம்பரம் நடத்திய 'கோட்டைச் சேதி'.

பெரியகருப்பன் போன மறுவாரம் அழகி கிட்டங்கிக்குள் நுழைந்தபோது பேச்சு நின்றது. யாரும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஞானமணி மடியிலிருந்த தாளை மறைக்கப் பார்த்தாள். அழகி வாங்கிப் படித்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்.

'கடலில் வீழ்ந்து மரணம். திருக்கோகர்ணம் வாசி பெரியகருப்பன் என்பவர் கப்பலில் பினாங்கு செல்கையில் பேரலையால் தாக்கப்பட்டுக் கடலில் வீழ்ந்து மாண்டார். பிரேதம் கிடைக்கவில்லை. அன்னாருக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் உளர்.'

கடைசி வரியில் அவள் கண் நின்றது. திரும்ப அதையே படித்தாள். அந்த வரியை விட்டுக் கண் வரவில்லை.

வீட்டுக்கு ஓடினாள். முத்தாள் தலைமயிர் அவிழ்ந்து சுவரோரம் சுருண்டு கிடந்தாள். பங்காளிகள் வந்திருந்தார்கள். நடுவில் பெரியகருப்பனின் பெரியப்பா ராசு. நல்ல மனிதர். எதையும் தள்ளிப்போடத் தெரியாதவர். பினாங்குக் கடைக்குத் தந்தி கொடுத்துவிட்டிருந்தார்.

மூன்று நாள் பார்த்தார்கள். பதில் வரவில்லை. அதற்குள் இலுப்பூரிலிருந்து வருகிற 'ஊர்க்குரல்' என்ற இன்னொரு பத்திரிகையிலும் அதே சேதி வந்துவிட்டது.

"ஒடம்பு கெடைக்காதுத்தா" என்றார் ராசு. "தர்ப்பையில உருவம் பண்ணி ஞாயித்துக்கெழமை காரியத்தை முடிச்சுருவோம். அன்னைக்கே மத்ததும்."

மத்தது என்றால் தாலி. எல்லோரும் அவள் கழுத்தைப் பார்க்காமல் பார்த்தார்கள்.

"யாரு சொன்னா, பெரிய மாமா?" என்றாள் அழகி.

"பேப்பர்ல போட்டிருக்குல்ல?"

"பேப்பருக்கு யாரு சொன்னா?"

"ஒண்ணுக்கு ரெண்டு பேப்பரு சொல்லுது. தந்திக்குப் பதிலு இல்ல. இன்னும் என்னத்தா வேணும் ஒனக்கு?"

"கப்பலே இன்னும் போய்ச் சேந்துருக்காது. போய்ச் சேராத ஆளைப் பத்திக் கடைக்காரன் என்னன்னு பதிலு குடுப்பான்?" அவள் குரல் உடைந்தது, நிறுத்திக்கொண்டு தொடர்ந்தாள். "ஞாயித்துக்கெழமைக்குள்ள எனக்கு ஒரு ஆளைக் காட்டுங்க, மாமா. கண்ணால பார்த்த ஆளு. இல்லாட்டி, பார்த்தவுக வாயால கேட்ட ஆளு. காட்டுனா நானே கழட்டித் தாரேன்."

"நாங்க எங்கிட்டுப் போயித் தேட? நீயே தேடிக் கண்டுபிடி" என்றார் ராசு. சலிப்பில் சொன்னதுதான். அழகி அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

கண்ணீர் வராத கல் என்று தெருவில் பேசினார்கள். அவளுக்கு அழுகை தொண்டை வரை நின்றது. அழுதுவிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அதை அங்கேயே வைத்திருந்தாள்.

ஏகாம்பரத்தின் அச்சுக்கூடம் கீழ ராஜ வீதியில் ஒரு சந்துக்குள் இருந்தது. மிதிமெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் பருத்த மனிதர், வேட்டி ஓரமெல்லாம் மை.

"உக்காருங்கம்மா. கல்யாணப் பத்திரிகையா?"

"சாவுச் சேதி."

"கருமாதிக் கார்டும் அடிப்போம்."

"அடிச்சுட்டீங்க. போன வாரம் நீங்க கடல்ல தள்ளிவிட்டீங்களே, அவுக சம்சாரம் நான்."

ஏகாம்பரம் எழுந்தேவிட்டார். மெஷினை நிறுத்தச் சொன்னார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அழகி குடிக்கவில்லை.

"இந்தச் சேதி ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"குன்றாண்டார்கோவில் ஏஜெண்டு நாகராசு எழுதியிருந்தான்."

"கப்பல்ல இருந்து விழுந்தாகன்னு எழுதியிருந்தாரா?"

ஏகாம்பரம் கழுத்தைத் தடவினார். "பினாங்குக்குக் கெளம்பினவரு செத்துட்டாருன்னு எழுதியிருந்தான். பினாங்குக்குக் கெளம்பினவரு எதுல போயிருப்பாரு? கப்பல்லதானே?"

"சரி. அலை?"

"கடல்னா அலை இருக்கும்லம்மா."

"பிரேதம் கெடைக்கலைன்னு?"

"கடல்ல விழுந்தா எங்கிட்டுக் கெடைக்கும்?"

அழகி வந்த காரியத்தைக் கூட ஒரு கணம் மறந்துவிட்டாள். ஒரு பொய் எப்படிப் படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் நியாயமாகவே, மேலே ஏறுகிறது என்று பார்க்க அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ரெண்டு பிள்ளைக?"

"கல்யாணமாகி எத்தனை வருசம்மா?"

"எட்டு."

"பார்த்தீங்களா! எட்டு வருசம்னா ரெண்டு இருக்காதா?" என்றார் ஏகாம்பரம், கணக்குச் சரியாக வந்த சந்தோஷத்தில்.

ஏகாம்பரம் அவள் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"போட்டதுதான் போட்டீங்க, ஆளுக்கொரு பேரும் வச்சிருக்கலாம்" என்றாள் அவள்.

"அடியில எடம் காலியா நின்னுச்சும்மா" என்றார் அவர் மெதுவாக. "வெறுமனே விட்டா வாங்குறவன் கேப்பான்."

"அப்ப, அது பொய்யின்னு இந்த வாரம் போடுங்க."

"எப்படிம்மா போட? நாகராசு செத்தாருன்னு சொன்னது சொன்னதுதானே? அவரு உசுரோட இருக்காருன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

அழகியின் கேள்வியே அவளிடம் திரும்பி வந்து நின்றது. சந்திலிருந்து வெளியே வந்தும் அது கூடவே நடந்தது. ஆமாம், யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கடல் நடுவே இருக்கிற ஒரு மனிதனைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. ராசு மாமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். கசப்பாக இருந்தது. ஆனால் காலுக்குக் கீழே தரை இருப்பது போலவும் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் 'ஊர்க்குரல்' கட்டு இறங்கும் நேரம் பார்த்து நின்றாள். கட்டோடு வந்தவரே அதன் சொந்தக்காரர் என்று தெரிந்தது. கையிலிருந்த தாளை நீட்டினாள்.

"இந்த ரெண்டு பிள்ளைகளும் இலுப்பூருக்கு எப்படிங்க வந்துச்சு?"

அவர் விழித்தார். அவள் விவரத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "கோட்டைச் சேதியில இருந்து எடுத்தோம், தாயி. அவரு எங்ககிட்ட எடுப்பாரு, நாங்க அவருகிட்ட எடுப்போம்."

ஆக ஒண்ணுக்கு ரெண்டு இல்லை, ஒண்ணுதான். அழகி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் கீரனூர் போய், வண்டி மாறி, குன்றாண்டார்கோவிலில் இறங்கினாள். பாறையைக் குடைந்த கோயிலுக்கு எதிரே கீற்றுக் கொட்டகைக்குள் நாகராசு டீ ஆற்றிக்கொண்டிருந்தான். கயிற்றில் பத்திரிகைகள் தொங்கின. அந்த ஊரில்தான் பெரியகருப்பனின் அக்கா காமாட்சி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் நிறைமாசம், சாவு வீட்டுக்கு வரக் கூடாதென்று திருக்கோகர்ணத்துக்கு வரவில்லை.

"நான் பொய்யி எழுதுறவன் இல்லக்கா" என்றான் நாகராசு, கேட்ட மாத்திரத்தில். "இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"அவுக விழுந்ததையா?"

"ஒங்க நாத்தனா மாரடிச்சு அழுததை. 'எந்தம்பி போயிட்டானே, பினாங்குக்குக் கெளம்பினவன் போயிட்டானே'ன்னு தெருவே கூடிப் போச்சு. அன்னைக்கு மத்தியானத் தபால்லயே எழுதிப் போட்டுட்டேன்."

"அழுததைப் பார்த்தீக. என்னைக்கு?"

அவன் சொன்ன நாளைக் கேட்டதும் அழகி அப்படியே நின்றாள். அது பெரியகருப்பன் வீட்டிலிருந்து கிளம்பிய நாள். அன்றைக்கு அவன் நாகப்பட்டினமே போய்ச் சேர்ந்திருக்க மாட்டான்.

"மறுநா அழுதாகளா?"

நாகராசு டீ ஆற்றுவதை நிறுத்தினான். "மறுநாளா... மறுநா மாவாட்டிக்கிட்டு இருந்தாக. நானும் பார்த்தேன். என்னடா இது, நேத்துத் தம்பியைப் பறிகொடுத்த பொம்பளை பாட்டுப் பாடிக்கிட்டு ஆட்டுதேன்னு நெனச்சேன்."

"அதை எழுதலையா?"

"மாவாட்டுறதை எழுதுனா யாருக்கா படிப்பா?"

காமாட்சி அழகியைக் கண்டதும் ஓவென்று அழுதாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழகி அவளை உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொடுத்து, மூச்சு நிதானமாகும் வரை பொறுத்தாள்.

"மதினி, அவுக கெளம்புன அன்னைக்கே நீங்க ஏன் அழுதீக?"

காமாட்சி வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்க."

"ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுடி. தாலி கட்டிக்கிட்டவ காதுல விழுந்தா பலிச்சுரும்."

"பேப்பர்லயே விழுந்துருச்சு, மதினி. இனி எதுக்குப் பயம்?"

காமாட்சி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பெரியகருப்பன் குளித்துக் கரையேறிய நேரம் ஒரு காக்காய் அவன் தலையில் தட்டிவிட்டுப் போயிருக்கிறது. தலையில் காக்காய் தட்டினால் உயிருக்கு ஆகாது. அதற்குப் பரிகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆள் செத்துவிட்டதாகச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் நிஜமென்று நம்பி அழ வேண்டும். அந்த அழுகையோடு சாவு கழிந்துவிடும். பிறகு இரண்டாவது ஆள் போய், காக்காய்க்காகச் சொன்னது என்று உண்மையைச் சொல்லுவான். அழுதவர்கள் திட்டிவிட்டு, சிரித்து, சாப்பிட்டுப் போவார்கள்.

கடல் தாண்டிப் போகிற பிள்ளை என்பதால் முத்தாள் பதறிப்போனாள். கிழக்கே போகிற பஸ்ஸில் மகன் ஏறியதும் வடக்கே போகிற பஸ்ஸில் ஆளை அனுப்பினாள். இரண்டாவது ஆளை அன்று சாயங்காலமே அனுப்பியிருக்கலாம். மகள் அழுகிற அளவுக்கு மகனுக்கு ஆயுசு என்று நினைத்து மறுநாள் காலை வரை நிறுத்திவைத்தாள்.

"ரெண்டாவது சேதி வந்ததும் ஆத்தாளைத் திட்டிக்கிட்டே சோறாக்கித் தின்னேன்டி. அஞ்சாறு நாள் கழிச்சுப் பேப்பர்ல வருது. பொய்யா அழுதது நெசமாகிப் போச்சே!"

"பேப்பரு ஒங்க அழுகையில இருந்து வந்தது, மதினி."

"இல்லடி. நான் அழுதது காக்காய்ச் சேதிக்கு. அதுல கடல் ஏது, அலை ஏது? பேப்பர்ல வந்தது வேற சேதி. அது நெசம்."

அழகி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். டீக்கடை நாகராசு, அவன் போட்ட தபால், ஏகாம்பரத்தின் காலி இடம். காமாட்சி தலையாட்டினாள். பாதிதான் நம்பினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அழகிக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. ஊரெல்லாம் சுற்றித் தேடிய வாய் தன் வீட்டு அடுப்படியிலேயே இருந்திருக்கிறது. உடனே பயமும் வந்தது. அந்த வாய் பேச வேண்டும். ராசு மாமா முன்னால் பேச வேண்டும். தான் சொன்னால் தாலிக்கு ஆசைப்பட்டுக் கதை கட்டுகிறாள் என்பார்கள்.

முத்தாள் படுத்தபடியே இருந்தாள். நான்கு நாளாகச் சோறில்லை. அழகி கஞ்சியை ஆற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

"அத்தே, குன்றாண்டார்கோவில் போய்ட்டு வாரேன். மதினி காக்காய் விசயம் சொல்லுச்சு."

முத்தாள் காதைப் பொத்திக்கொண்டாள். "ஒங்கிட்டச் சொல்லிட்டாளா? பாவி, ஒங்கிட்டவா சொன்னா? போச்சு!" எழுந்து உட்கார்ந்து தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "இந்த வாயிதான் கொன்னுச்சு. காக்காய் விட்டாலும் நான் விடலை. ராவும் பகலும் அதை நெனச்சுத்தான் கெடக்கேன்."

அழகி அந்தக் கைகளைப் பிடித்தாள். மகன் செத்ததாகச் சொல்லி அனுப்பியவளே, அதே சொல் அச்சில் ஏறித் திரும்பி வந்ததும் நம்பியிருக்கிறாள். இதை அழகி யோசித்தே பார்க்கவில்லை.

"நீங்க என்னன்னு சொல்லி அனுப்புனீக?"

"போயிட்டான்னு. அம்புட்டுத்தான். கடல்னு சொல்லலையே! பேரலைன்னு சொல்லலையே! நான் சொல்லாதது அவனுக்கு எப்படித் தெரியும்? நடந்ததாலதானே தெரிஞ்சுச்சு?"

"அதெல்லாம் அச்சாபீசுக்காரரு தன் கையில இருந்து போட்டது. அவரே எங்கிட்டச் சொன்னாரு."

"அச்சுல போடுறவன் பொய்யி போடுவானா?"

"நீங்க பொய்யி சொல்லி அனுப்பலையா, அத்தே?"

"அது எம்பிள்ளைக்காக."

"அது அவரு காலி எடத்துக்காக." அழகி தாளை எடுத்துக் கடைசி வரியைப் படித்துக் காட்டினாள். "நமக்கு ரெண்டு பிள்ளைகன்னு போட்டிருக்காரு. நீங்க எங்கயாச்சும் பார்த்தீகளா?"

முத்தாள் தாளை வாங்கி, எழுத்துத் தெரியாத கண்ணால், அந்த வரியை விரல் வைத்துத் தடவினாள். "ரெண்டு பிள்ளையா போட்டிருக்கான்?" என்றாள்.

பிறகு கேட்டாள்: "அப்ப எம்புள்ளை உசுரோட இருக்கானா?"

பொய் சொல்ல நல்ல சமயம் அது. அழகி சொல்லவில்லை. "தெரியாது அத்தே. செத்தாகன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை தர்ப்பைக் கட்டோடு பங்காளிகள் வந்தார்கள். அழகி எல்லாவற்றையும் வந்த வழியே திருப்பிச் சொன்னாள். இலுப்பூர், ஏகாம்பரம், நாகராசு, காமாட்சி. காமாட்சிக்குச் சொல்லி அனுப்பியவர் பெயரை மட்டும் சொல்லாமல் நிறுத்தினாள்.

"காமாட்சிக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார் ராசு. கேட்டபிறகுதான் தன் வாயில் யாருடைய கேள்வி வந்தது என்று அவருக்கு உறைத்தது.

முத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தாலி கட்டிக்கொண்டவள் முன்னால் அந்தப் பேச்சை எடுத்தால் பரிகாரம் பாழாகும் என்பதில் அவளுக்கு அப்போதும் சந்தேகமில்லை.

"நாந்தான் மச்சான் சொன்னேன்" என்றாள் முத்தாள். "காக்காய் தட்டுச்சு. எம்புள்ளை செத்துட்டான்னு நாந்தான் சொல்லிவிட்டேன்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர், "அட, எங்க வீட்டுலயும் ஒருதரம் இப்படித்தான்" என்று தொடங்கினார். ராசு அவரை அடக்கினார். தர்ப்பைக் கட்டைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். போகும்போது அழகியிடம், "தந்தி வரட்டும்த்தா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரத்தில் ஒரு மத்தியானம் தந்திக்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பியது. தந்தி என்றாலே சாவு. காகிதத்தைப் பிரிக்கும் முன்பே பக்கத்து வீட்டில் ஒப்பாரி எடுத்துவிட்டார்கள். "கொஞ்சம் பொறுங்கடி, படிச்சுக்கிறேன்" என்று அழகி கத்தினாள். சுகமாக வந்து சேர்ந்தான், என்ன விஷயம் என்று கடைக்காரர் கேட்டிருந்தார். அழகி அதைப் படித்துக் காட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தொண்டையில் வைத்திருந்தது எல்லாம் வந்தது.

ஏகாம்பரம் நல்லவர்தான். விஷயம் தெரிந்ததும் மறுப்புப் போட ஒப்புக்கொண்டார். ஆனால் வெறும் மறுப்பைப் போட அவர் கை ஒப்பவில்லை. 'கடலில் வீழ்ந்தவர் மீண்டார்! தோணிக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினர்' என்று போட்டார். அந்த வாரம் கோட்டைச் சேதி கூடுதலாக விற்றது.

மூன்று வருஷம் கழித்துப் பெரியகருப்பன் ஊருக்கு வந்தபோது சவரம் செய்கிறவர் முதல் கோயில் குருக்கள் வரை தோணிக்காரர்களைப் பற்றித்தான் கேட்டார்கள். இல்லை என்று முதலில் சொல்லிப் பார்த்தான். யாரும் விரும்பவில்லை. பிறகு சொல்லத் தொடங்கினான். சொல்லச் சொல்ல நன்றாக வந்தது. ஒரு சுறாவும் சேர்ந்தது.

"எந்தச் சுறா? யாரு சொன்னா?" என்பாள் அழகி அடுப்படியிலிருந்து.

"நீ சும்மா இரு. ஆசையா கேக்குறாக."

வந்த முதல் நாள் அந்தப் பழைய தாளை அவள் அவனிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டு, கடைசி வரியில் கொஞ்சம் நின்றான். "நம்ம ரெண்டு பிள்ளைகளும் எங்க?" என்றான்.

"பள்ளிக்கூடம் போயிருக்குக" என்றாள் அழகி.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவன் பினாங்கை விட்டுவிட்டு ஊரோடு வந்தான். கிட்டங்கியிலேயே எடை போடும் வேலைக்குச் சேர்ந்தான். முத்தாள் பேச்சு நடை எல்லாம் குறைந்து, ஒரு ஆவணியில் போனாள். அழகியிடம் ஊரார் வந்து கேட்பது வழக்கமாகியிருந்தது. 'யாரு சொன்னா, இப்படிப் பேசிக்கிறாக, நெசமா?' என்பார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவாள். பாதிப் பேர் நம்புவார்கள்.

சில வருஷம் கழித்துப் பெரியகருப்பனுக்கு மார்வலி வந்து திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அழகி கூடவே இருந்தாள். விடிகிற நேரத்தில் அவன் கை அவள் கைக்குள் இருந்தபடியே அடங்கியது.

காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். காமாட்சி அப்போது கீரனூரில் மெயின் ரோட்டை ஒட்டிக் குடியிருந்தாள். காரை நிறுத்தச் சொன்னாள் அழகி. கூட வந்தவர் இறங்கப் போனார்.

"வேணாம். நானே போயிச் சொல்லுறேன்."

காமாட்சி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அழகி பக்கத்தில் போய் நின்றாள். "மதினி, அவுக போயிட்டாக."

காமாட்சி நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த கோலமாவு அப்படியே இருந்தது. அவள் முகத்தில் அழுகை வரவில்லை; பழைய சங்கதி ஒன்று தெரிந்த களைதான் வந்தது.

"காக்காய் தட்டுச்சாடி?" என்றாள். "அதை ஏன் நீயே வந்து சொல்லுற? ஒன் காதுலயே படக் கூடாதே. சரி, ரெண்டாவது சேதி எப்ப வரும்?"

அழகி குனிந்து, அவள் கையைத் திறந்து, மாவைக் கீழே தட்டிவிட்டாள்.

"இது ஒரு சேதிதான் மதினி. நான் பார்த்தேன்."